நாலாவது ஜோடி கார்பன்

என் மின் ரம்பத்துக்கு நாலாவது ஜோடி கார்பன், அதாவது மோட்டாரின் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்டைக் கொடுக்கிற கரிக்கட்டை, வாங்கப் போனபோது கடைப் பையன் பர்மியத்தில் கேட்டான்: "சயா, இதை என்ன, லப்பெயேயில (டீயில) கரைச்சுக் குடிக்கிறீங்களா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பட்டறைக்கு சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போன தீபாவளிக்குப் போட்ட ஜோடி ஐந்து மாசம் ஓடியது. அடுத்தது மூன்று மாசம். கடைசி ஜோடி ஆறே வாரம். இப்படிச் சுருங்கிக்கொண்டே வந்தால் கார்பன் மேல் குற்றம் இல்லை, உள்ளே ஏதோ அதைத் தின்கிறது. அது என்னவென்று பார்க்காமல் இந்த நாலாவதைப் போடக்கூடாது என்று பொட்டலத்தைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தேன்.

ரம்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறை பர்மாவில், ரங்கூனுக்கு அக்கரையில் இருக்கும் தன்லினில். வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்னமும் அது சிரியம்தான். கதவு, ஜன்னல் நிலை, கட்டில், கோயிலுக்குப் பெஞ்சு, இப்படியான வேலைகள். கையில் பிடித்து ஓட்டும் இந்த வட்ட ரம்பம் 'ஜப்பான் பழசு': அங்கே ஒரு தச்சன் ஓட்டி முடித்து, கப்பலேறி, இங்கே குவியலாக விற்கப்பட்ட சாமான்களில் ஒன்று. 190 மி.மீ. பிளேடு, 20 மி.மீ. துளை. பெயர்ப் பலகையில் 100 வோல்ட், 11 ஆம்பியர், நிமிடத்துக்கு 5000 சுற்று. ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் 50-60 என்று இரண்டும் போட்டிருக்கும். ஜப்பானில் கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60. இந்த வகைக் கார்பன் மோட்டாருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பொருட்டு என்பது வோல்ட்தான். நம் ஊர் மின்சாரம் பெயருக்கு 230. ஆகவே மேஜைக்கு அடியில் ஒரு டிரான்ஸ்பார்மர், 230-ஐ 100 ஆக்கித் தருவது, பன்றிக்குட்டி கனத்தில் கிடக்கும்.

இங்கேதான் ஒரு விஷயத்தை நான் பல வருஷமாக யோசிக்காமல் விட்டிருந்தேன். டிரான்ஸ்பார்மர் 100 தரும் என்று நம்பிக்கொண்டிருந்தேனே தவிர, அது தருவது வருவதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். சாயந்தரம் தெருவே விளக்கைப் போட்டு, அரிசி வைத்து, தண்ணீர் மோட்டாரையும் ஓட்டினால் எங்கள் லைனில் 160 வருவதே சில நாள் அதிசயம். 160 வந்தால் ரம்பத்துக்குப் போவது 70. அந்த 70-ஐ வைத்துக்கொண்டு நான் பிங்கடோ அறுத்துக்கொண்டிருந்தேன்.

பிங்கடோ தெரியாதவர்களுக்கு: தமிழ்நாட்டில் இருள் என்கிற மரம்தான். இந்த நாட்டு ரயில் பாதைக்குக் கட்டை போட்டது அதில்தான். ஆணி அடித்தால் ஆணி வளையும். படாவ் என்கிற நம் வேங்கையின் சகோதரனும் லேசுப்பட்டதல்ல. தேக்கு அறுக்க இதம், ஆனால் அதிலே சிலிக்கா இருக்கிறது, பிளேடின் பல்லை மழுக்கிவிடும். போதாததற்கு எங்களுக்கு வருகிற தேக்கு பெரும்பாலும் பழைய வீடு பிரித்த மரம்; எண்ணெய்ப் பசை இருக்கிற அதன் தூள் எங்கே போய் ஒட்டுகிறது என்பதைத்தான் அடுத்து பார்க்கப்போகிறோம்.

ஆடி மாசம், தகரத்தில் மழை கொட்டுகிற ஒரு காலை. கோயில் கூழ் ஊற்றுக்குப் பன்னிரண்டு பெஞ்சு பாக்கி. மின்சாரம் இல்லை, அதனால் பிரிக்க நல்ல நேரம். ஆனாலும் பிளக்கைப் பிடுங்கி என் கண்ணெதிரே மேஜைமேல் போட்டுக்கொண்ட பிறகுதான் திருப்புளியைத் தொட்டேன். கரண்ட் போயிருக்கிறது என்று நம்பிக் கையை வைத்து, நடுவில் அது வந்துவிட்ட கதை இந்த ஊரில் தெருவுக்கு ஒன்று உண்டு.

முதலில் பிளேடு. நடு போல்ட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பார்கள். பிளேடு எந்தத் திசையில் சுற்றுமோ அதே திசையில் திருப்பினால் கழலும். ஓடும்போது தானாக இறுகிக்கொள்ளவேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் கார்பன் மூடியைக் கழற்றினேன். புதிதில் 14 மி.மீ. நீளம். வலது பக்கம் 7 மி.மீ. மிச்சம் இருந்தது, இடது பக்கம் 4. ஒரே நாளில் போட்ட ஜோடி, ஒரே கரண்ட் ஓடுகிற ஜோடி, ஒன்று மட்டும் ஏன் இப்படித் தேயவேண்டும்? இடது கார்பனின் முகத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடிபோல வழவழவென்று இருக்கவேண்டியது, ஓரம் பிய்ந்து, எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி இருந்தது. வழுக்கித் தேய்ந்த கார்பன் இல்லை அது, அடி வாங்கி உடைந்தது. இரண்டு ஜோடியை இதற்கு முன் கழற்றி எறிந்திருக்கிறேன். ஒன்றின் முகத்தையாவது பார்த்தேனா என்றால், இல்லை.

கியர்ப் பெட்டியின் நாலு திருகைக் கழற்றி, பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் முன்பக்கம் தனியாகக் கையோடு வரும், மோட்டாரின் சுற்றுகிற பாகமான ஆர்மேச்சரும் கூடவே வெளியே வழுகிக்கொண்டு வரும். கிரீஸ் கருப்பாகி, ஓரத்தில் மெழுகாகக் காய்ந்திருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் மினுமினுப்பு, அதாவது கியர்ப் பல்லின் இரும்புத் தூள். பற்களை எண்ணினேன். ஆர்மேச்சர் தண்டின் நுனியிலேயே வெட்டியிருக்கும் சின்னக் கியரில் 8, பெரியதில் 37. வகுத்தால் 4.6. பிளேடு 5000 சுற்று சுற்றினால் ஆர்மேச்சர் 23,000 சுற்றுக்கு மேல். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

ஆர்மேச்சரின் பின்பக்கப் பேரிங், 608. உள்ளே 8, வெளியே 22, தடிமன் 7 மி.மீ. சைக்கிள் கடையிலும் கிடைக்கிற சின்னப் பேரிங். அதன் வெளி வளையத்தை இரண்டு நகத்தால் பிடித்து ஆட்டினேன். ஆடியது. காதருகே வைத்துச் சுற்றினேன். ஈர மணலில் செருப்புப் போட்டு நடக்கிற சத்தம். இதைவிட மோசம் வெளி வளையத்தின் மேற்பரப்பு: சாணை பிடித்ததுபோல பளபளத்தது. அந்த வளையம் உடம்பில் உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருக்கவேண்டியது. பளபளக்கிறது என்றால் அதுவும் சேர்ந்து சுற்றியிருக்கிறது. பிளாஸ்டிக் உடம்பில் அது உட்காரும் குழியை வெர்னியரால் அளந்தேன். 22.2.

எல்லாம் அப்போதுதான் ஒரு வரிசையில் வந்து நின்றது. வோல்ட் குறைவு. மரம் கடினம். மிஷின் மெல்லச் சுற்றும், ஆனால் அதே வேலையைச் செய்யக் கரண்ட் அதிகம் இழுக்கும். மெல்லச் சுற்றுகிற மோட்டாரில் விசிறியும் மெல்லத்தான் சுற்றும், காற்று போதாது. சூடு ஏறுகிறது. பேரிங்கின் கிரீஸ் காய்கிறது. அதற்குள் தேக்குத் தூள் புகுந்து பசையாகிறது. பேரிங் இறுகி, வெளி வளையத்தையும் இழுத்துக்கொண்டு சுற்றிக் குழியைப் பெரிதாக்குகிறது. இப்போது ஆர்மேச்சரின் பின்முனை நடுங்குகிறது. நடுங்குகிற செம்பு வளையத்தின் மேல் கார்பன் உட்கார முடியுமா? நிமிடத்துக்கு 23,000 தடவை எம்பி எம்பி விழுகிறது. எம்புகிற ஒவ்வொரு தடவையும் பொறி. பொறி செம்பைக் குழி பறிக்கிறது, குழிந்த செம்பு கார்பனைக் கடிக்கிறது. நான் கார்பன் வாங்கிக்கொண்டிருந்தேன்.

செம்பு வளையத்தை, கம்யூட்டேட்டரைத்தான் சொல்கிறேன், பஞ்சில் பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன். 24 செம்புப் பட்டைகள். கார்பன் ஓடுகிற இடம் பள்ளமாகி, நகம் தட்டியது. அடுத்தடுத்து இரண்டு பட்டைகள் மட்டும் விளிம்பு கருகியிருந்தன. பொதுவாகக் கருப்படித்திருந்தால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்து விட்டுவிடலாம். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் கரண்டைக் கடத்தும், பட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் வேறு வினை. ஆனால் குறிப்பாக இரண்டு பட்டை மட்டும் கருகியிருப்பது வேறு சங்கதி, அது உள்ளே கம்பிச் சுருள் கெட்டதற்கு அடையாளம். எடுத்துக்கொண்டு காயில் பாயிடம் போனேன்.

பாயின் கடைப் பலகையில் பர்மிய எழுத்தில் 'கொய்ங் பத்' என்று இருக்கும், காயில் சுற்றித் தரப்படும் என்று அர்த்தம். அவர் வாப்பா காலத்துக் கடை. ஆர்மேச்சரை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"வார்னிஷ் வெந்துருக்கு தம்பி. எதுக்கும் பாத்துருவம், பேட்டரியை எடு."

அவருடைய சோதனையை அப்படியே சொல்கிறேன், வீட்டில் யாரும் செய்யலாம். சாதாரண மல்டிமீட்டரில் ஓம் வைத்து அளந்தால் இந்த மாதிரித் தடித்த கம்பிச் சுருளில் எல்லாமே சைபராகத்தான் காட்டும். அதனால் அவர் ஒரு 12 வோல்ட் கார் பேட்டரியை எடுத்து, ஹெட்லைட் பல்பு ஒன்றை நடுவில் போட்டு, அந்தக் கம்பி இரண்டையும் கம்யூட்டேட்டரின் எதிரெதிர்ப் பட்டைகளில் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பல்பு எரிகிறது, அதாவது நாலைந்து ஆம்பியர் சுருளுக்குள் ஓடுகிறது. மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, அடுத்தடுத்த இரண்டு பட்டைகளுக்கு நடுவே தொட்டுக்கொண்டே போனார். 62, 64, 61, 63. பட்டைக்குப் பட்டை ஒரே மாதிரி. ஒரு இடத்தில் வந்து நின்றார். 19.

"இந்தா, இங்கன படுத்துருச்சு. சுருளுக்குள்ள கம்பியும் கம்பியும் ஒட்டிக்கிச்சு."

எண் குறைந்தால் சுருள் தனக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது, மிக அதிகமாகத் தாவினால் கம்பி அறுந்தது. கருகிய பட்டையும் அதே இடம்தான்.

"சுத்திக் குடுங்க பாய்."

"இதை நான் சுத்த மாட்டேன். பேன் சுத்துவேன், பம்பு சுத்துவேன். இது இருபதாயிரம் சுத்து ஓடுற பண்டம். வார்னிஷை அடுப்புல வச்சுச் சுட்டு, பேலன்ஸ் பாக்காமக் குடுத்தா, கம்பி பிச்சுக்கிட்டு வெளிய வந்து, சுத்தி நிக்கிற பீல்டு காயிலையும் சேத்துக் கிழிச்சுப்புடும். உன் காசும் போவும், என் பேரும் போவும். புதுசு வாங்கு."

தன்னால் எது முடியாது என்று தெரிந்த தொழிலாளியிடம் வாதம் பண்ணக்கூடாது. மறுநாள் பாலம் தாண்டி ரங்கூன் போனேன். எங்கள் ஆட்கள் சூரத்தி பஜார் என்று சொல்லி வந்த தெய்ஞ்சி சந்தைப் பக்கம், ஒரு சந்துக் கடையில் பழைய ஆர்மேச்சரை மேஜையில் வைத்தேன். கடைக்காரர் மாடல் எண்ணைப் பார்த்தார், உள்ளே போனார், புதுசு ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நீளம் ஒன்று, தண்டு ஒன்று, 8 பல், 24 பட்டை. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பணத்தைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். பெரிய கியரையும் வாங்கினேன், ஏனென்றால் தேய்ந்த பல்லோடு புதுப் பல்லைக் கோர்த்தால் புதுசும் பழசின் வடிவத்துக்குத் தேயும். பேரிங்குகள் தனியாக.

மாட்டினேன். டிரான்ஸ்பார்மரில் செருகி விசையை அழுத்தினேன். சுற்றியது. ஆனால் என்ன சுற்று! சாப்பிட்டுவிட்டு மத்தியானம் நடக்கிற மாட்டைப் போல. பழைய, பட்டுப்போன ஆர்மேச்சரே இதைவிட வேகமாக ஓடியிருக்கும். தேக்குச் சட்டத்தில் வைத்தால் பாதியில் நின்றது. கார்பன் பக்கம் நீலப் பொறி. ஒரு மணி நேரம் அங்கே இங்கே பார்த்துவிட்டு, கடைசியில்தான் ஆர்மேச்சரின் கம்பியைப் பார்த்தேன். பழையதில் கம்பி தடிமன், சுற்று கொஞ்சம். புதியதில் கம்பி மெல்லிசு, சுற்று நெருக்கம். வந்த அட்டைப் பெட்டியைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். 220-240 வோல்ட் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது.

அதாவது ஒரே மாடல் ரம்பத்தை அந்தக் கம்பெனி ஜப்பானுக்கு 100 வோல்ட்டிலும், வெளிநாட்டுக்கு 230 வோல்ட்டிலும் செய்கிறது. உடம்பு ஒன்று, ரத்தம் வேறு. கடைக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தப்பு யாருடையது என்று கேட்டால், பெட்டியைப் படிக்காமல் கிழித்தவனுடையது. போன் செய்தேன். "அப்ப டிரான்ஸ்பார்மர் இல்லாம நேரா 230-ல போடுங்க, ஓடும்" என்றார். பாயிடம் இதைச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆர்மேச்சரும் பீல்டும் புருஷன் பொண்டாட்டி தம்பி. ஒரே கரண்டு ரெண்டுலயும் வரிசையா ஓடுது. ஒண்ணை மட்டும் மாத்துனா எப்பிடி?"

அவர் சொன்னது இதுதான். பழைய பீல்டில் சுற்று குறைவு, அது 11 ஆம்பியர் ஓடினால்தான் தேவையான காந்தம் தரும்படிச் செய்தது. புது ஆர்மேச்சர் 5 ஆம்பியருக்குச் செய்தது. நேராக 230-ல் போட்டால் பீல்டின் காந்தம் போதாமல் ஆர்மேச்சர் அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கும், கார்பனில் தீபாவளி நடக்கும், கொஞ்ச நாளில் புது ஆர்மேச்சரும் வேகும். 100-ல் போட்டால் நான் பார்த்த மாட்டு நடைதான்.

இரண்டு வழி இருந்தது. ஆர்மேச்சரைத் திருப்பிக் கொடுத்து 100 வோல்ட் ஆர்மேச்சருக்கு அலைவது. அல்லது பீல்டையும் வாங்கி மிஷினையே 230-க்கு மாற்றிவிடுவது. 100 வோல்ட் ஆர்மேச்சர் இங்கே பழசாகத்தான் கிடைக்கும், அது எத்தனை வருஷம் எங்கே ஓடியதோ. அதோடு டிரான்ஸ்பார்மரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வேலைக்குப் போவது என் முதுகுக்கு ஆகவில்லை. பீல்டை வாங்கினேன். இந்தத் தடவை கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்தேன். பழைய பீல்டு இரண்டு சுருளும் சேர்ந்து அரை ஓம். புதுசு 2.6 ஓம். வோல்ட் 2.3 மடங்கு ஏறினால் ஓம் அதன் வர்க்கம், ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் மேல் ஏறவேண்டும், கணக்குச் சரி. மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு, வருகிற 0.2-ஐக் கழித்துக்கொண்டுதான் படிக்கவேண்டும், இல்லாவிட்டால் அரை ஓம் என்பது முக்கால் ஆகிவிடும்.

விசையைப் பார்த்தேன். 250 வோல்ட், 12 ஆம்பியர் என்று அதன் மேலேயே இருந்தது, அதனால் விட்டுவைத்தேன். பிளக் கயிறு வெடித்துக் கிடந்தது, மாற்றினேன். ஜப்பான்காரர்களுடைய தட்டையான இரண்டு கால் பிளக்கை வெட்டி எறிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. நம் ஊர்ப் பலகைகளில் எல்லாக் காலும் நுழைகிற சாக்கெட் வைத்திருக்கிறோம், அந்தத் தட்டைக் காலும் அதில் ஜோராக நுழையும். போன வருஷம் என் அக்கா மகன் 100 வோல்ட் துளைக்கும் மிஷினை அப்படித்தான் நேராகச் செருகினான். "மாமா, இது புதுசு மாதிரி ஓடுது" என்று கத்தினான். அவன் வாயை மூடுவதற்குள் புகை.

மெதுவாகச் செய்யவேண்டிய வேலை பேரிங் குழிதான். 22 மி.மீ. பேரிங்குக்கு 22.2 மி.மீ. குழி. புது உடம்பு வாங்கலாம், அதற்குள் ஆடி முடிந்துவிடும். முதலில் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போட்டுப் பார்த்தேன். பேரிங் உட்கார்ந்தது, ஆனால் ஒரு பக்கம் சாய்ந்தது, தண்டைக் கையால் சுற்றினால் ஒரு இடத்தில் இடித்தது. ரப்பர் அமுங்கும், எங்கே எவ்வளவு அமுங்கும் என்று சொல்ல முடியாது. எடுத்து எறிந்தேன். பிறகு குளிர்பான டப்பாவின் நடுப்பகுதியை வெட்டினேன். அந்த அலுமினியத் தகடு 0.1 மி.மீ. தடிமன், சுற்றிலும் ஒரு சுற்று போட்டால் விட்டத்தில் 0.2 குறையும், அளவெடுத்துச் செய்ததுபோல. 7 மி.மீ. அகலப் பட்டை, நீளம் 69. கத்தரித்த விளிம்பு மேலெழும்பி நிற்கும், அதைக் கண்ணாடி மேல் வைத்து உளியின் முதுகால் தேய்த்துச் சமப்படுத்தவேண்டும். இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, முடி அளவு இடைவெளி இருக்கலாம். குழியைப் பெட்ரோலால் துடைத்து, எபாக்ஸி பசையை ஒரு மெழுகு பூச்சாகத் தடவி, பட்டையை ஒட்டி, பழைய பேரிங்கையே கிரீஸ் பூசி உள்ளே வைத்து ஒரு ராத்திரி விட்டேன். காலையில் பழைய பேரிங்கை உருவினேன், பட்டை அசையவில்லை. புது 608-ஐக் கட்டைவிரலால் அழுத்தினேன். கொஞ்சம் அடம்பிடித்து உள்ளே போனது. அதுதான் சரியான இறுக்கம். சுத்தியல் கேட்டால் இறுக்கம் அதிகம், தானாக விழுந்தால் குறைவு.

பேரிங்கை ஆர்மேச்சர் தண்டில் ஏற்ற என் தாத்தாவின் வைஸ். அவர் இங்கே பெட்ரோலிய எண்ணெய் ஆலையில் பிட்டர். 1942-ல் ஜப்பான் படை வருவதற்கு முன் வெள்ளைக்காரர்களே ஆலையைத் தகர்த்துவிட்டுப் போனார்கள். வைஸ் மட்டும் எப்படியோ எங்கள் வீட்டுக்கு வந்தது, எப்படி என்று அவரும் சொன்னதில்லை. அழுத்தும்போது பேரிங்கின் உள் வளையத்தில் மட்டும் அழுத்தம் விழவேண்டும். அந்த விட்டத்துக்குத் தோதாக ஒரு இரும்புக் குழாய்த் துண்டை நடுவில் வைத்து, வைஸை மெல்ல மூடினேன். வெளி வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் வளையத்தில் தடம் பதித்துவிடும், புதுப் பேரிங் முதல் நாளே கரகரக்கும். முன்பக்கம் 6001, உள்ளே 12, வெளியே 28, தடிமன் 8. தூள் பறக்கிற இடம் என்பதால் இரண்டுமே ரப்பர் மூடி போட்டவை. இரும்பு மூடி போட்டதும் விற்கிறார்கள், மலிவு, ஆனால் அதன் ஓர இடைவெளி தேக்குத் தூளுக்குத் தாராளம். பிளேடு தண்டின் பேரிங்கும் அதன் உள்முனையில் இருக்கும் ஊசிப் பேரிங்கும் நன்றாகவே இருந்தன, கழுவிக் கிரீஸ் வைத்ததோடு சரி.

கிரீஸை அள்ளி அப்புகிறவர்கள் உண்டு. பெட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதிகம் வைத்தால் பல் அதைக் கடையும், சூடேறி இளகி மோட்டார் பக்கம் ஒழுகும், கார்பனில் கிரீஸ் பட்டால் மறுபடி முதலிலிருந்து.

பீல்டை இறக்கிக் கம்பிகளை இணைத்தபோது ஒரு தப்பு செய்தேன். பழையதைப் படம் எடுத்து வைத்திருந்தேன், ஆனால் புதுப் பீல்டில் கம்பியின் நிறம் வேறு. அதனால் எல்லாம் மூடியதும் நேராக மின்சாரம் கொடுக்காமல், 200 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் போட்டேன். உள்ளே எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் பல்பு முழு வெளிச்சம் எரியும், மிஷின் தப்பிக்கும். பிளேடு இன்னும் போடவில்லை. விசையை அழுத்தினேன். பல்பு மங்கலாக எரிந்தது, தண்டு சுற்றியது. ஆனால் எதிர்ப்பக்கம்! கார்பனுக்குப் போகும் இரண்டு கம்பியும் இடம் மாறியிருந்தன. பிளேடு போட்டு 230-ல் அழுத்தியிருந்தால் போல்ட் கழன்று பிளேடு எந்தப் பக்கம் போயிருக்குமோ. கம்பியை மாற்றினேன், சரியாகச் சுற்றியது.

அடுத்து, நாலாவது ஜோடி கார்பன். அலமாரியிலிருந்து எடுத்துப் பொட்டலத்தைப் பிரித்தேன். 400 எண் உப்புத்தாளை, சொரசொரப்பு வெளியே தெரியும்படி கம்யூட்டேட்டர் மேல் சுற்றி, கார்பனைப் போட்டு, தண்டை ஓடும் திசையிலேயே கையால் பத்துச் சுற்று சுற்றினேன். கார்பனின் முகம் வளையத்தின் வளைவுக்குப் படிந்தது. தூளை ஊதி எடுத்தேன், குனிந்து ஊதியதில் கண்ணிலும் கொஞ்சம்.

இப்போது, வேலையிழந்து கிடந்த அந்தப் பன்றிக்குட்டி டிரான்ஸ்பார்மருக்கு ஒரு புது வேலை. 230 வோல்ட் மோட்டாரை 100-ல் ஓட்டினால் பாதி வேகத்தில், பொறி இல்லாமல், சூடு இல்லாமல் ஓடும். கார்பன் படிய இதைவிட நல்ல வழி இல்லை. வெறுமனே, பிளேடு இல்லாமல், இருபது நிமிடம் ஓடவிட்டேன். மாட்டு நடைதான், ஆனால் இந்தத் தடவை நான் கேட்டு வாங்கியது. நிறுத்தி, பின்பக்கம் 608 இருக்கும் இடத்தில் கையை வைத்தேன். வெதுவெதுப்பு. கார்பனைக் கழற்றி முகத்தைப் பார்த்தேன். முக்கால் பாகம் பளபளப்பு.

நேர் 230-க்கு மாற்றி ஓட்டிப் பார்ப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. ராத்திரி பதினொன்றரைக்குத் தெருவில் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கத்தின சத்தத்தில் எழுந்தேன். கரண்ட் வந்தால் இங்கே அந்தக் கூச்சல்தான் மணி. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பட்டறைக்கு இறங்கினேன். பலகையில் புதிதாக ஒரு சின்ன வோல்ட் மீட்டர் பதித்திருந்தேன், சிவப்பு எண்ணில் 218. மூன்று அங்குலப் பிங்கடோ சட்டம், குறுக்கே இரண்டு தள்ளில் அறுக்கும் ஆழம். பிளேடைப் போட்டு, மூடியின் ஸ்பிரிங் தானாகத் திரும்புகிறதா என்று இரண்டு தடவை தட்டிப் பார்த்து, விசையை அழுத்தினேன். சத்தமே வேறு. பழைய கரகரப்பு போய், ஒரே சீராக ஊ என்று. மரத்தில் இறங்கும்போது மீட்டர் 205-க்கு இறங்கியது, சத்தம் தாழவில்லை. கார்பன் ஜன்னல் வழியே பார்த்தால் ஊசிமுனைப் பொறி, நீலம் இல்லை. எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து பர்மியத்தில் நாலு வார்த்தை சொன்னார், நியாயமான வார்த்தைகள்தான். நிறுத்திவிட்டேன்.

அந்த மீட்டர் 190-க்குக் கீழே காட்டினால் இப்போது நான் ரம்பத்தைத் தொடுவதில்லை. கையுளி வேலை எப்போதும் பாக்கி இருக்கும், அதைப் பார்ப்பேன். தினம் வேலை முடிந்ததும் காற்றடிக்கும் பம்பால் பின்பக்கத் துளைகளில் ஊதிவிடுகிறேன். பன்னிரண்டு பெஞ்சும் கூழ் ஊற்றுக்கு முதல் நாள் சாயந்தரம் போய்ச் சேர்ந்தன, இரண்டில் மட்டும் வார்னிஷ் காயாமல் பக்தர்கள் சேலையில் ஒட்டியது.

ஐப்பசி பிறந்ததும் கார்பனைக் கழற்றி அளந்தேன். 14-ல் தொடங்கியது, இடது 13.1, வலது 13.1. முகம் கண்ணாடி. மூடியைத் திருகிவிட்டு, மேஜையின் அந்தக் கோடியில் டிரான்ஸ்பார்மரோடு கிடந்த இழைப்பு மிஷினை இழுத்தேன். அதுவும் ஜப்பான் பழசு, 100 வோல்ட், போன மாசம்தான் புதுக் கார்பன் போட்டது. திறந்து பார்த்தேன். இடது 6. வலது 9.